உப்பு, வத்தல், ஒரு பிடி அரிசி: மதுரைப் பக்கத்து அடுப்பங்கரைச் சடங்குகளுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் அப்பத்தா சுற்றிப்போட்ட வத்தலில் ஒரு தடவைகூட நெடி வந்ததில்லை. சோழவந்தான் பக்கம், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்த கை. அந்தி சாயும் நேரம் பேரப்பிள்ளைகள் எங்களை வரிசையாக உட்காரவைத்துச் சுற்றி, விறகடுப்பில் போட்டுவிட்டு, "பாத்தியாடீ, ஒருத்தருக்கும் தும்மல் வரல. அம்புட்டும் கண்ணு" என்று நெட்டி முறிப்பார்.

கல்யாணமாகி மதுரைக்கு வந்து, மூன்றாம் மாடியில், கேஸ் அடுப்பில் தோசைக்கல்லை வைத்து என் மகனுக்கு அதே வேலையை நான் செய்த அன்று எங்கள் வீடு மட்டுமல்ல, படிக்கட்டே இருமியது. எதிர்வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். அத்தை கண்ணைத் துடைத்தபடி, "இம்புட்டு நெடி வந்தா பிள்ளைக்குக் கண்ணே படலன்னு அர்த்தம். வீணா ஒரு கை வத்தல் போச்சு" என்றார்.

அப்பத்தாவின் வத்தலுக்கும் என் வத்தலுக்கும் என்ன வித்தியாசம்? அதைத் தேடிப் போனதில்தான் மற்றதெல்லாம் சேர்ந்தது. கேட்டது, செய்து பார்த்தது, கெடுத்துப் பார்த்தது எல்லாவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் வீட்டுப் பாடு. நெருப்பு, கைக்குழந்தை, இந்த இரண்டு இடத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன்.

உப்புச் சாடியிலிருந்து தொடங்கலாம்

அடுப்பங்கரையில் சாமி படம் இருக்கிறதோ இல்லையோ, உப்பு இருக்கும். அதற்கென்று சில விதிகள் உண்டு. வெள்ளிக்கிழமை கல் உப்பு வாங்குவது நல்லது என்பார்கள். சாடியின் அடி தெரியும்வரை விடக்கூடாது. பொழுது சாய்ந்தபின் உப்பைக் கடன் கொடுப்பதில்லை. பகலில் கொடுத்தாலும் கையோடு கை மாற்றுவதில்லை. கிண்ணத்தில் போட்டுக் கீழே வைப்பார்கள், வந்தவர் எடுத்துக்கொள்வார். கைமாற்றினால் சண்டை வரும் என்பது நம்பிக்கை. ஈரக்கையோடு சாடியில் கைவிடக்கூடாது என்பதையும் இதே குரலில்தான் சொல்வார்கள், ஆனால் அது வெறும் புத்தி.

சாடி பீங்கானாகவோ மண்ணாகவோ இருக்கட்டும். மானாமதுரை மண்பாண்டங்களில் மூடியோடு கூடிய சின்னச் சட்டி கிடைக்கும், அது போதும். எவர்சில்வர் டப்பா வேண்டாம். கடல் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்த உப்புநீர் எவர்சில்வரையும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் ஒரு மாதம் வேறு காரணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அதை விடுங்கள்.

இந்தச் சடங்குகளுக்குப் பொடி உப்பு ஆகாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் வெடிக்கும்.

சுற்றிப்போடுவது

கண்ணேறு கழிப்பதில் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு முறை மாறும். எங்கள் பக்கம் ஞாயிறு அல்லது செவ்வாய், அந்தி நேரம். சுற்றுகிறவர் வயதில் மூத்தவராக இருக்க வேண்டும். சின்னவர் பெரியவருக்குச் சுற்றுவதில்லை. வீட்டில் மூத்தவர் யாரும் இல்லையென்றால் எதிர்வீட்டுப் பாட்டியைக் கூப்பிடலாம், யாரும் மறுக்க மாட்டார்கள்.

தேவையானவை: ஒரு பிடி கல் உப்பு, காம்போடு மிளகாய் வத்தல் மூன்று அல்லது ஐந்து, அரை டீஸ்பூன் கடுகு, மூன்று தெரு கூடுகிற இடத்திலிருந்து ஒரு சிட்டிகை மண். பழைய துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்துச் சேர்ப்பவர்களும் உண்டு. வத்தல் நீளமோ குண்டோ, எதுவானாலும் சரி. இராமநாதபுரத்து முண்டு வத்தல் எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் உண்டு, அதைத்தான் நான் எடுக்கிறேன்.

1. நெருப்பை முதலில் தயார் செய்யுங்கள். நான் தவறியது இங்கேதான். தோசைக்கல் வேண்டாம், வாணலி வேண்டாம். இரண்டு தேங்காய்ச் சிரட்டையை உடைத்து ஒரு பழைய இரும்புச் சட்டியில் போட்டு, மொட்டை மாடியிலோ திறந்த பால்கனியிலோ வைத்துக் கட்டிச் சூடத்தால் பற்றவையுங்கள். சுவாலை அடங்கி, சிரட்டை முழுவதும் செக்கச்செவேலென்று கனிய கால் மணி நேரம் ஆகும். கனிந்த பிறகே அடுத்த படி.

2. சுற்ற வேண்டியவரைக் கிழக்கு பார்த்து உட்காரவையுங்கள். ஒரே வீட்டார் என்றால் எல்லோரையும் சேர்த்து உட்காரவைக்கலாம். இதுமுதல் யாரும் பேசக்கூடாது. செல்போனையும் வைத்துவிடச் சொல்லுங்கள்.

3. சாமான் எல்லாவற்றையும் வலது கையில் பொத்திக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று. சுற்றும்போது சொல்வதை வாய்க்குள் சொல்லுங்கள். எங்கள் வீட்டு வாசகம்: "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு, வந்த கண்ணு, போன கண்ணு, எல்லாம் வெந்து வெடிச்சுப் போகட்டும்." இதில் கடைசிக் கண் எப்போதும் வேறு யாருடையதும் இல்லை, "பெத்த தாய்க் கண்ணு" என்று அப்பத்தா சேர்ப்பார். அம்மா ஆசையாகப் பார்ப்பதே பெரிய கண் என்பது அவர் கணக்கு.

4. உட்கார்ந்திருப்பவர் அந்தக் கையில் மூன்று தடவை "தூ தூ தூ" என்று துப்ப வேண்டும். பாவனைக்குத்தான். சின்னப் பிள்ளைகள் இதை உண்மையாகவே செய்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

5. பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய் தணலில் போட்டுவிட்டு உடனே நாலடி பின்னுக்கு வந்துவிடுங்கள். உப்பு தெறிக்கும். கண்ணில் பட்டால் அப்புறம் திருஷ்டி கழித்த கதை வேறாகிவிடும்.

6. கைகால் கழுவி, வந்து திருநீறு பூசிவிடுங்கள். சாம்பலை அன்றே தொட வேண்டாம். மறுநாள், முழுக்க ஆறிய பிறகு, கால் படாத ஒரு மரத்தடியில் கொட்டுங்கள்.

இப்போது காரணத்துக்கு வருவோம். கல் உப்பின் பரலுக்குள் துளித்துளியாக நீர் அடைபட்டிருக்கும். திடீரென்று சூடேறும்போது அந்த நீர் ஆவியாகிப் பரலைப் பிளந்துகொண்டு வரும், அதுதான் படபடவென்ற வெடி. பொடி உப்பில் அப்படி அடைபட இடமில்லை, அதனால் வெடிக்காது. கடுகு வெடிப்பதும் உள்ளே இருக்கிற ஈரத்தால்தான், தாளிக்கும்போது தினமும் பார்க்கிறோம்.

வத்தல் கதைதான் சுவாரஸ்யம். அதன் காரத்துக்குக் காரணமான காப்சைசின், மிதமான சூட்டில் எரியாமல் புகையோடு கிளம்பித் தொண்டைக்கு ஏறும். கனிந்த தணலில் விழுந்த வத்தலோ தீப்பிடித்து எரிந்துவிடும், காரமும் அதோடு சேர்ந்து எரியும். ஆக, நெடி வராததற்குக் காரணம் அடுப்பின் கனல். அப்பத்தா எப்போதும் சோறு வடித்து முடித்து, அடுப்பு நன்றாகக் கனன்றுகொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் எங்களை உட்காரவைப்பார். அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? ஐம்பது வருஷம் விறகடுப்பு ஊதியவர். எனக்கென்னவோ தெரிந்தேதான் செய்தார் என்று படுகிறது.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வத்தலை அறவே விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் கொட்டைப்பாக்கு அளவு படிகாரம். அதே போலச் சுற்றித் தணலில் வையுங்கள். படிகாரத்துக்குள் நிறைய நீர் கட்டுண்டு இருப்பதால் சூட்டில் உருகி, நுரைத்து, சோளப்பொரி போலப் பொரிந்து கோணல்மாணலாக நிற்கும். அதில் கண்ணு போட்டவரின் முகம் தெரியும் என்பார்கள். எங்கள் அத்தைக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே சொந்தக்காரரின் முகம்தான் தெரிகிறது.

ஆரத்தித் தண்ணீர்

இது சுலபம், ஆனால் அளவு தவறினால் காவி நிறத்தில் கலங்கி நிற்கும். அகலமான தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர். அரை டீஸ்பூன் மஞ்சள்தூளை முதலில் கரைத்துவிடுங்கள். அப்புறம் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு, மிளகு அளவு, விரல் நுனியில் எடுத்துத் தட்டின் ஓரத்தில் தேய்த்துக் கரையுங்கள். மஞ்சள் கண் முன்னாலேயே சிவக்கும். மஞ்சளில் இருக்கிற குர்குமின், சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் (புளிப்புக்கு எதிரானது, மிளகாய்க் காரம் இல்லை) பட்டால் சிவப்பாகும் இயல்புடையது. அதே தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகிவிடும். என் மகனுக்கு இதைக் காட்டியதிலிருந்து ஆரத்திக்கு அவன்தான் ஆள். குங்குமம் செய்கிற பழைய முறையிலும் இதே மஞ்சளும் சுண்ணாம்பும்தான்.

நடுவில் ஒரு வெற்றிலை, அதன்மேல் சூடம். மூன்று சுற்று. சூடம் ஏற்றாமலும் எடுக்கலாம். மாப்பிள்ளை பெண்ணின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் ஏற்றாமல் எடுப்பதே நல்லது. சுற்றி முடித்து நெற்றியில் ஒரு பொட்டு, மீதியை வாசல் கோலத்தின் ஓரத்தில் ஊற்றுவது வழக்கம். அடுக்குமாடியில் வாசல் என்பது பொது நடை. அங்கே ஊற்றிவிட்டு மேஸ்திரியிடமும் செக்ரட்டரியிடமும் பேச்சு வாங்கியவள் சொல்கிறேன்: கீழே இறங்கிப் போய் ஒரு செடியின் ஓரமாக ஊற்றுங்கள். துணியில் கறை பட்டிருந்தால் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள், மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிற்காது.

அரிசிப்பானையும் அஷ்டமி அரிசியும்

மதுரைக்காரர்களுக்குக் கிடைத்த ஒரு அடுப்பங்கரைச் சடங்கு இது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மார்கழித் தேய்பிறை அஷ்டமி அன்று மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் சப்பரத்தில் வெளிவீதிகளில் உலா வருவார்கள். சகல ஜீவராசிகளுக்கும் படியளக்கிற நாள். சிவன் உண்மையிலேயே எல்லா உயிருக்கும் படியளக்கிறாரா என்று பார்க்க, பார்வதி ஓர் எறும்பைச் சிமிழுக்குள் அடைத்து வைத்தாராம். திறந்து பார்த்தால் எறும்பின் வாயில் ஓர் அரிசி இருந்தது என்பது கதை. அதன் நினைவாகச் சப்பரம் போகிற வழியெல்லாம் அரிசியைத் தூவிக்கொண்டே போவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்களே இழுப்பார்கள். பின்னால் வருகிற ஜனம் குனிந்து அந்த அரிசியைப் பொறுக்கும். அதைக் கொண்டுபோய் வீட்டு அரிசிப்பானையில் போட்டுவைத்தால் அந்த வருஷம் சோற்றுக்குக் குறை வராது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை. விடியலிலேயே போய்விடுங்கள். சப்பரத்துக்கு முன்னால் நிற்க வேண்டாம், பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்தால் கூட்டமும் குறைவு, அரிசியும் தரையில் இருக்கும். முந்தானையை விரித்து அள்ளுவதற்கு இது ரேஷன் இல்லை. எங்கள் வீட்டில் எண்ணி ஒன்பது மணி. வீட்டுக்கு வந்து கழுவாமல், ஒரு சின்ன மஞ்சள் துணியில் முடிந்து, பானையின் அடியில் வைத்து, மேலே புது அரிசியைக் கொட்டுவோம். போன வருஷத்து முடிச்சை அவிழ்த்து மாடியில் குருவிக்குப் போட்டுவிடுவோம். தெருவில் கிடந்த அரிசியைச் சமைக்க வேண்டாம்.

இப்போது பானைக்கு அரிசிப்பானை என்று பெயர்தானே தவிர, எங்கள் வீட்டில் அது 25 கிலோ பிளாஸ்டிக் டிரம். சடங்குக்கு அதில் குறையொன்றும் இல்லை. வண்டு வராமல் இருக்க உள்ளே நாலு வத்தலும் காய்ந்த வேப்பிலையும் போடுவது தனி.

அளக்கும்போது ஒரு விஷயம். கிராமத்தில் நெல்லோ அரிசியோ படியால் அளக்கும்போது முதல் படியை "ஒன்று" என்று எண்ண மாட்டார்கள், "லாபம்" என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. நானும் குக்கருக்கு அரிசி அளக்கும்போது முதல் டம்ளரை "லாபம்" என்றுதான் போடுகிறேன். தனியாக இருக்கும்போது சத்தமாகவே சொல்வேன்.

பிடி அரிசி எடுத்துவைப்பதும் இந்தப் பானையோடு சேர்ந்ததுதான். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடி எடுத்து வேறொரு கலயத்தில் போடுவது. ஒரு பிடி என்பது ஏறக்குறைய 40, 50 கிராம். மாதம் முடியும்போது ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ சேர்ந்திருக்கும். அது வீட்டு அரிசி இல்லை. கேட்டு வருகிறவருக்கோ, ஆடி மாதம் கோவிலில் கூழ் காய்ச்சவோ போகும். வீட்டில் அரிசி தீர்ந்த நாளில் அந்தக் கலயத்தில் கைவைக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பார்கள். ஆனால் எல்லா வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். அப்பத்தா வைத்தால் மறுநாள் இரண்டு பிடியாகத் திருப்பிப் போட்டுவிடுவார்.

பால் பொங்குவது

புது வீட்டுக்கோ வாடகை வீட்டுக்கோ போகும்போது முதலில் உள்ளே போக வேண்டியவை உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் தண்ணீர், விளக்கு. மற்றச் சாமான் அப்புறம். அடுப்பைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பின்னால் சுவரிலோ மேடையிலோ ஒரு சின்னக் கோலம் போட்டுப் பாலை ஏற்றுங்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தால் நல்லது. வடக்கும் பரவாயில்லை.

பாத்திரம் வாய் குறுகியதாக இருக்கட்டும், சின்னச் செம்போ பித்தளைப் பானையோ. அரை லிட்டர் பால், பாத்திரத்தில் முக்கால் அளவுக்கு. அகலமான பாத்திரத்தில் பால் பொங்காமல் சுற்றிச் சுற்றிக் கொதித்துக்கொண்டே இருக்கும், சொந்தக்காரர்கள் முகம் மாற ஆரம்பிக்கும். சூடேறும்போது மேலே ஆடை படிகிறது, அடியிலிருந்து வரும் ஆவி அந்த ஆடையைத் தாண்ட முடியாமல் அதையே தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. அதுதான் பொங்கல். ஆகவே கிளறாதீர்கள். கிளறினால் ஆடை கலையும், பொங்காது.

கிழக்கே வழிய வைக்கிற ரகசியத்தை எங்கள் சின்னம்மாவிடம் கற்றேன். புதுமனை புகுந்த வீடுகளுக்கெல்லாம் பால் காய்ச்ச அவரைத்தான் கூப்பிடுவார்கள், கைராசி என்று. ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். யாரும் கவனிக்காத நேரம் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை நாலாக மடித்து அடுப்பின் மேற்குக் காலுக்கு அடியில் செருகினார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "வாய மூடிட்டு குலவை போடு" என்றார். போட்டேன்.

கேஸ் அடுப்பில் கவனம்: பால் வழிந்து தீ அணைந்தால் கேஸ் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். பொங்கும் நேரம் எல்லோரும் பாலைப் பார்ப்பார்கள், குலவை போடுவார்கள், படம் எடுப்பார்கள். ஒருவர் மட்டும் திருகியில் கைவைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவரை முன்கூட்டியே சொல்லி நிறுத்துங்கள்.

வாயைக் கட்டுவது

அடுப்பங்கரை மந்திரம் பாதி கையில், பாதி வாயில். அரிசி தீர்ந்துவிட்டால் "இல்லை" என்று சொல்லக்கூடாது. "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று சொன்னால் வாங்கி வர வேண்டும் என்று வீட்டாருக்குப் புரியும். புது மருமகளாக வந்த நான் இது புரியாமல் இரண்டு நாள் "சரி, நல்லது" என்று உட்கார்ந்திருந்தேன். விளக்கை "அணை" என்பதில்லை, "குளிர வை" அல்லது "அமர்த்து". ஊதி அணைப்பதும் இல்லை. பூவாலோ பால் தொட்ட விரலாலோ திரியை உள்ளே இழுத்துவிடுவது. வசம்புக்கு இரவில் பெயரே கிடையாது, நாட்டு மருந்துக் கடையில்கூட "பேர் சொல்லாதது" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

கையைக் கட்டுகிற விதிகள் இவை: வெறும் ஆட்டுக்கல்லைச் சுற்றாதே, அரிவாள்மனையை நிறுத்தியபடி விட்டுப் போகாதே, முறத்தில் கால் படக்கூடாது, இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவைக்காதே. காலில் வெட்டும், பூச்சி வரும் என்று சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை. மூதேவி வருவாள் என்றால் கேட்கும். வெள்ளிக்கிழமை அடுப்பு துடைப்பதும் இந்தக் கணக்குதான். வியாழன் ராத்திரியே பர்னரைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் பொட்டு வைக்க அடுப்பு பளிச்சென்று இருக்கும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

இங்கேதான் கறார்.

வசம்பை விளக்கெண்ணெய் தீபத்தில் சுட்டுக் கரியாக்கி, அதே எண்ணெயில் குழைத்துக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வையுங்கள். உள்ளங்காலில் வையுங்கள். கண்ணுக்குள் தீட்ட வேண்டாம். வசம்பு வளையல் போடலாம், ஆனால் குழந்தை எல்லாவற்றையும் வாயில் வைக்க ஆரம்பிக்கும் மாதத்தில் கழற்றிவிடுங்கள். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் உரைத்து நாக்கில் தடவுகிற உரைமருந்து வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் தேவையில்லை என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. வசம்பு உள்ளே போனால் வாந்தி வரும், அளவு மீறினால் ஆபத்து. சூடத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரலாம். வத்தல் புகை பக்கமே வேண்டாம்.

மதுரையைச் சுற்றி பல சாலைகளில் "தொக்கம் எடுக்கப்படும்" என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் உணவு சிக்கியிருக்கிறது என்று வாயில் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பதாகக் காட்டுவார்கள். போகாதீர்கள். உரம் விழுந்துவிட்டது (சுளுக்குப் பிடித்துவிட்டது) என்று பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதற்கும் கொடுக்காதீர்கள். விடாமல் அழுகிற, பால் குடிக்காத குழந்தைக்கு டாக்டர்தான்.

அதற்கு மேல் மனசு கேட்கவில்லையென்றால் அந்தியில் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போய் ஓதி ஊதச் சொல்லுங்கள். கோரிப்பாளையம் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். அம்மாச்சி என்னைத் தூக்கிக்கொண்டு போனது அங்கேதான். ஊதுகிற காற்றால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

அம்மை கண்ட வீடு

வீட்டில் யாருக்காவது சின்னம்மை போட்டால் அடுப்பங்கரையே விரதம் இருக்கும். தாளிப்பு கிடையாது. எண்ணெய்ச் சட்டி ஏறாது. கறி மீன் வராது. வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்த்து வருகிறவர்கள் வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். படுத்திருப்பவருக்கு இளநீர், நுங்கு, மோர், பனங்கற்கண்டு, குழைந்த சோறு.

இதில் பெரும்பாலானது எனக்குச் சரி என்றே படுகிறது. தடிப்பு தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டும்வரை சின்னம்மை அடுத்தவருக்குப் பரவும். வேப்பிலை வாசலில் இருக்கும் நாளும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் "ஆத்தா வந்திருக்கா, மருந்து கொடுக்கக்கூடாது" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். இதற்கான மாத்திரை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பெரியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வேப்பிலை ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம் என்று எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தது, ஆத்தா கோபித்துக்கொள்ளவில்லை.

பொருக்கு உதிரத் தொடங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காலையிலிருந்து வெயிலில் வைத்து, இதமாகச் சுட்ட பிறகு ஊற்றுங்கள். ஒன்று விட்டு ஒரு நாள், மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்றைக்குத்தான் அடுப்பில் மறுபடி கடுகு வெடிக்கும். அந்த முதல் தாளிப்பு வாசனைக்கு வீடே அடுப்பங்கரையில் வந்து நிற்கும்.

மாவிளக்கு

அம்மை இறங்கினால் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்திருப்பார்கள். நாங்கள் போவது திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளத்தின் கரையில் இருக்கிற வண்டியூர் மாரியம்மனுக்கு.

இரண்டு டம்ளர் பச்சரிசியைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளை வேட்டியில் நிழலில் பரப்புங்கள். காயவிடக்கூடாது. கையில் அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் அரிசி ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் அள்ளி மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம், ஏலக்காய், துளி சுக்கு. தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். மாவின் ஈரத்துக்கே வெல்லம் இளகிப் பிசைய வந்துவிடும். வராவிட்டால் அரிசி காய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு ஸ்பூன் நெய் விட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அத்தைக்குத் தெரிந்துவிடும். உருட்டி, நடுவில் கட்டைவிரலால் நன்றாகக் குழித்து, நெய் ஊற்றித் திரி போடுங்கள். பொட்டு வைத்து, கோவிலில் ஏற்றி, தானாகக் குளிரும்வரை காத்திருங்கள்.

திரி எரிந்த இடத்தில் மாவு கருகி, சுற்றிலும் நெய் ஊறிப் பழுப்பாக ஒரு வட்டம் இருக்கும். ருசியெல்லாம் அங்கேதான். அந்தத் துண்டு அம்மை கண்டவருக்குச் சேர வேண்டும் என்று அத்தை சொல்கிறார், விளக்கு எடுத்தவருக்கு என்று நான் சொல்கிறேன். போன தடவை நாங்கள் பேசி முடிப்பதற்குள் என் மகன் வாயில் போட்டுக்கொண்டான்.